வத்தலில் ஏறிய நஞ்சு: குய்சோ மாகாணத்து நிலக்கரி அடுப்பும் ஆர்சனிக் நோயும்

பாறைநேசன் (இழையைத் தொடங்கியவர்)

நிலக்கரிப் புகை என்றாலே எல்லோருக்கும் நுரையீரல்தான் நினைவுக்கு வரும். சீனாவின் தென்மேற்கில் குய்சோ மாகாணத்தில் அந்தப் புகையின் நஞ்சு மனிதர்களுக்குள் போன முக்கிய வழி வாய். மிளகாய் வத்தல் வழியாக. தமிழில் இதைப் பற்றி விரிவாக யாரும் பேசி என் கண்ணில் படவில்லை. அதனால் இந்த இழை.

குய்சோவின் தென்மேற்கு மூலையில் சிங்ரென், அன்லோங், சிங்யி என்று மலைப்பாங்கான பகுதிகள் இருக்கின்றன. ஹான் சீனர்களோடு மியாவ், புயி மக்களும் வாழ்கிற இடம். அங்குள்ள சில கிராமங்களில் பல ஆண்டுகளாக ஒரே மாதிரியான நோய். உள்ளங்கையிலும் பாதத்திலும் தடித்த முண்டுகள், மார்பிலும் முதுகிலும் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள், பிறகு ஈரல் கெட்டு வயிறு வீங்கிச் சாவு. இது ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமத்தால் வருகிற நோய். ஆர்சனிக் நோய் என்றால் முதலில் கிணற்றைத்தான் சந்தேகிப்பார்கள். இங்கே தண்ணீரின் பங்கு மிகச் சொற்பம். நஞ்சு அடுப்பில் இருந்தது.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ராபர்ட் ஃபிங்கெல்மன், ஹார்வி பெல்கின் இருவரும், குய்யாங் நகரிலுள்ள புவிவேதியியல் கழகத்தின் ஜெங் பாவ்ஷானும் சேர்ந்து 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குறைந்தது 3,000 பேர் கடுமையான ஆர்சனிக் நஞ்சால் அவதிப்படுகிறார்கள் என்றது அது. அந்தப் பகுதி நிலக்கரி மாதிரிகளில் 35,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை ஆர்சனிக் இருந்தது. அதாவது ஒரு கிலோ கரியில் 35 கிராம்! மற்ற ஊர் நிலக்கரியில் ஒரு கிலோவுக்குச் சில மில்லிகிராம், மிஞ்சிப்போனால் சில பத்து மில்லிகிராம் இருக்கும். அந்தக் கரி நெருப்பின் மேல் காய்ந்த மிளகாயில் சராசரியாக 500 பிபிஎம். வெயிலில் காய்ந்த மிளகாயில் 1 பிபிஎம்கூடத் தேறாது.

இந்தக் கரியில் ஆர்சனிக் வந்த கதை தங்கத்தோடு சேர்ந்தது. அந்த வட்டாரத்துப் பாறைகளில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய தங்கம் இருக்கிறது. பூமிக்குள்ளிருந்து ஏறி வந்த கொதிநீர்க் கரைசல்கள் தங்கத்தைக் கொண்டுவந்தபோது கூடவே ஆர்சனிக்கையும் கொண்டுவந்து, பெர்மியன் காலத்து நிலக்கரிப் படுகைகளின் வெடிப்புகளில் இறக்கிவிட்டுப் போயின. மாகாணம் முழுக்க இப்படி இல்லை. அங்கங்கே சின்னச் சின்னத் திட்டுகள்தான். ஒரு குழியில் தோண்டினால் நஞ்சு, சற்றுத் தள்ளித் தோண்டினால் சாதாரணக் கரி. கண்ணால் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது.

---

கோமதி_சாத்தூர்

சார், எங்க குடும்பம் ரெண்டு தலைமுறையா வத்தல் வியாபாரம். களத்துல பரப்பி, நடுவுல கிளறி விட்டு, சாயங்காலம் குவிச்சு தார்ப்பாய் போட்டு மூடி, காய்ஞ்சு கலகலன்னு சத்தம் வர்ற வரைக்கும் வெயில்தான். அடுப்புக்கு மேல மிளகாய் காயவைக்கிறதை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவங்க ஏன் அப்படிப் பண்ணாங்க? களம் இல்லையா? அப்புறம், கரிப்புகை படிஞ்ச வத்தலைக் கையில எடுத்தாலே தெரியுமே, அதை எப்படிச் சாப்பிட்டாங்க?

---

பாறைநேசன்

அம்மா, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். உங்கள் ஊரில் இருக்கிற வெயில் அங்கே இல்லை. குய்சோவைப் பற்றிச் சீனர்கள் வழிவழியாகச் சொல்கிற சொலவடை ஒன்று உண்டு: மூன்று நாள் சேர்ந்தாற்போல வானம் வெளுக்காது, மூன்று மைல் சேர்ந்தாற்போலத் தரை சமமாக இராது, எவன் மடியிலும் மூன்று காசு இராது. மூன்றுமே இந்த நோய்க்குள் இருக்கின்றன.

மிளகாயும் மக்காச்சோளமும் அறுவடைக்கு வருவது இலையுதிர் காலத்தில். அப்போது தூறலும் குளிரும் மூடுபனியும். வெளியில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். அதனால் வீட்டுக்குள் அடுப்புக்கு நேர் மேலே உத்தரத்தில் சரம் சரமாகத் தொங்கவிடுவார்கள், அல்லது பரணில் பரப்புவார்கள். அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது. குளிருக்காகக் கதவும் சாத்தியிருக்கும். சமையல், குளிர்காய்தல், பயிர் உலர்த்தல் எல்லாம் அந்த ஒரே அடுப்பில்தான். புகை மேலே ஏறி, மிளகாயைத் தொட்டு, கூரையில் தங்கி, மெதுவாகத்தான் வெளியே போகும்.

ஆர்சனிக் சூட்டில் ஆவியாகிவிடும், காற்றோடு சேர்ந்து ஆர்சனிக் ட்ரை ஆக்சைடு ஆகும். நம் ஊரில் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அதேதான். சூடு குறைந்த பரப்பு எது கிடைக்கிறதோ அதில் நுண்பொடியாகப் படியும். ஈரமான மிளகாய் வாரக்கணக்கில் அங்கேயே தொங்குகிறது, படியப் படிய வாங்கிக்கொள்கிறது.

கரி படிந்தது தெரியத்தான் செய்யும். ஆனால் அந்த வீடுகளில் எல்லாமே கரி படிந்துதான் இருந்தது. புகை வாடை அடிக்கிற வத்தல் அவர்களுக்குப் பழகிய ருசி. காரம் இல்லாமல் அங்கே ஒரு வேளைச் சாப்பாடும் இல்லை.

---

கணக்குப்புலி

500 பிபிஎம் என்பதை நான் அப்படியே ஏற்கத் தயாரில்லை. பாஷாணத்தை அந்த அளவுக்கு தினம் தின்றவன் எப்படி வருடக்கணக்கில் உயிரோடு இருப்பான்? பழைய கொலை வழக்குகளில் படிக்கிறோமே, ஒரு சிட்டிகை போதும் என்று. மூக்கு வழியாகப் போனதை விட்டுவிட்டு மிளகாயைக் குற்றவாளி ஆக்குவது சரியா? புகைதானே மூலம்? அதுவும் போக, அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் உலர்த்தியிருப்பார்கள். நோய் மட்டும் ஏன் அண்மைக்காலத்தில் வந்தது?

---

பாறைநேசன்

கணக்கைப் போட்டே பார்ப்போம். 500 பிபிஎம் என்றால் ஒரு கிராம் வத்தலில் 500 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம். நீளமான வத்தல் ஒன்று ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கும். கொலை வழக்குகளில் வருகிற சிட்டிகை நூறு, இருநூறு மில்லிகிராம். ஆக, இரண்டு வத்தல் தின்றவன் அன்றைக்குச் சாகமாட்டான். வயிற்று வலிகூட வராமல் போகலாம். இந்த நஞ்சின் கொடுமையே அதுதான்.

இப்போது மறுபக்கம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு 2 லிட்டர் குடித்தால் 20. ஒரே ஒரு வத்தலில் 25 நாள் தண்ணீருக்கு உரிய அளவு வந்துவிடுகிறது. வேறு விதமாகச் சொன்னால், தினம் ஒரு வத்தல் தின்பது லிட்டருக்கு 250 மைக்ரோகிராம் ஆர்சனிக் உள்ள தண்ணீரைக் குடிப்பதற்குச் சமம். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் ஆர்சனிக் இருப்பதால் சிவப்புச் சாயம் பூசி மூடிய குழாய்க்கிணறுகளில் பலவற்றின் அளவு அது.

மூச்சுக் காற்றை நான் விட்டுவிடவில்லை. சுவாசத்தின் பங்கு 10 முதல் 20 சதவீதம், உணவின் பங்கு 50 முதல் 80 சதவீதம் என்று அந்த ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். மூலம் புகைதான், ஆனால் அது போன பாதை தட்டு.

தலைமுறைக் கேள்விக்குப் பதில் விறகு. முன்பு எரித்தது விறகு. மலைகளில் காடு அழிந்து விறகு அரிதானபோது, வீட்டுக்குப் பக்கத்திலேயே தரையில் எட்டிப்பார்க்கிற நிலக்கரியைத் தோண்டி எரிக்கத் தொடங்கினார்கள். உலர்த்தும் பழக்கம் பழையது, எரிபொருள் புதிது.

---

தோல்மருத்துவர்_மீ

நல்ல இழை. நோயாளி பக்கத்தைச் சொல்கிறேன்.

ஆர்சனிக் உடலில் நுழைந்ததும் கல்லீரல் அதை உருமாற்றி சிறுநீரில் அனுப்பப் பார்க்கும். பெரும்பகுதி சில நாட்களில் வெளியே போய்விடும். போகாதது தோல், முடி, நகம் ஆகிய கெராட்டின் என்ற புரதம் மிகுந்த இடங்களில் தங்கும். அதனால்தான் தோல் முதலில் பேசுகிறது. மார்பு, முதுகு, வயிறு என்று வெயில் படாத இடங்களில் நிறம் கறுக்கும், நடுநடுவே வெளிறிய பொட்டுகள் வரும். புழுதித் தரையில் மழைத்துளி விழுந்தாற்போல என்று பாடநூல்களிலேயே எழுதியிருக்கும். வெயிலில் கறுத்தால் முகமும் கையும் அல்லவா கறுக்க வேண்டும்? சட்டைக்குள் கறுத்திருந்தால் நான் நின்று பார்ப்பேன்.

அடுத்தது உள்ளங்கை, உள்ளங்கால். தடவினால் முதலில் மணல் ஒட்டியதுபோல நெருநெருவென்று இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பிறகு முண்டு முண்டாகத் தடிக்கும். பலர் கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவிக்கொள்வார்கள். கால் ஆணி அழுத்தம் படுகிற இடத்தில் ஒன்றிரண்டு வரும். இது இரண்டு கையிலும் இரண்டு காலிலும் பரவலாக வரும், வலிக்காது. வேலை செய்கிறவர் கை காய்த்திருக்கிறது என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். ஆண்டுகள் கழித்து அந்த முண்டுகளில் சில வெடித்து ஆறாத புண்ணாகி, தோல் புற்றாக மாறும். சிலருக்கு விரல் துண்டிக்க வேண்டியிருக்கும்.

உள்ளே நடப்பது இன்னும் மோசம். குய்சோ நோயாளிகளிடம் கல்லீரல் பாதிப்பு தூக்கலாக இருந்தது. ஈரல் வீங்கி, பிறகு இறுகி, வயிற்றில் நீர் கோத்து இறந்தவர்கள் உண்டு. நரம்பு கெட்டு கைகால் எரிச்சல், மரத்துப் போதல். நுரையீரல், சிறுநீர்ப்பை, தோல் மூன்றிலும் ஆர்சனிக் புற்றை உண்டாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. வீட்டுக்குள் நிலக்கரி எரிக்கும் புகையையும் தனியாக அதே வகுப்பில்தான் வைத்திருக்கிறது.

மேற்கு வங்கத்தில் இது முதலில் கண்ணில் பட்டது 1983இல். கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி.சாஹா, கிராமத்திலிருந்து வந்த நோயாளிகளின் தோலைப் பார்த்துத்தான் தண்ணீரைச் சந்தேகித்தார். எங்கே என்றாலும் தோலைப் பார்க்கத் தெரிந்த ஒரு மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

---

தருமபுரி_முருகு

இதைப் படிக்கும்போது எங்க ஊர் ஞாபகம் வருது. எங்க பக்கம் ஆழ்துளைக் கிணத்துத் தண்ணியில ஃபுளோரைடு. சின்ன வயசுலயே பல்லுல காவிக் கறை, பெரியவங்களுக்கு முட்டி மடங்காது, முதுகு நிமிராது. எங்க பெரியம்மா கழுத்தைத் திருப்பணும்னா உடம்போடதான் திரும்புவாங்க. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்த பிறகுதான் காவிரித் தண்ணி எங்க பிள்ளைங்க வாய்க்குப் போச்சு. பழைய ஆளுங்க எலும்பு எலும்புதான், அது திரும்பலை.

கேள்வி என்னன்னா, கரி எரிச்சா ஃபுளோரைடும் வருமா? எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கு.

---

பாறைநேசன்

வரும் முருகு. இன்னும் சொல்லப்போனால், அதே குய்சோவில் ஆர்சனிக்கைவிட அதிகம் பேரைப் பிடித்தது ஃபுளோரைடுதான். நான் சொன்ன 1999 கட்டுரையில் குய்சோவிலும் சுற்றுவட்டாரத்திலும் 1 கோடிக்கும் மேற்பட்டோருக்குப் பல், எலும்பு ஃபுளோரோசிஸ் என்று இருக்கிறது. ஆர்சனிக் 3,000 பேர், ஃபுளோரைடு ஒரு கோடி! பெரியம்மாவுக்கு வந்தது தண்ணீரால், அவர்களுக்கு வந்தது சோளத்தால். கழுத்து திரும்பாதது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

தூள் கரி தனியாக நின்று எரியாது. அதனால் களிமண்ணோடு பிசைந்து கட்டியாக்கி எரிப்பார்கள். அந்தக் களிமண்ணிலேயே ஃபுளோரின் நிறைய. எரியும்போது வாயுவாகக் கிளம்பி மேலே தொங்குகிற மக்காச்சோளத்தில் ஏறும். கரியை மட்டும் சோதித்தால் இது பிடிபடாது, பிசைகிற மண்ணையும் சோதிக்க வேண்டும்.

---

சுரங்கத்தெரு

வேலை நிமித்தமாகப் பல ஆண்டுகள் ஜார்க்கண்ட் மாநிலத்துத் தன்பாத்தில் இருந்தவன். இப்போது ஓய்வு பெற்று ஈரோடு. வீட்டுக்குள் நிலக்கரி எரிப்பது சீனத்துக் கதை மட்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஜாரியா, தன்பாத், ராணிகஞ்ச் பக்கம் நிலக்கரிதான் ஏழை வீட்டு எரிபொருள். சைக்கிளின் இரண்டு பக்கமும் மூட்டை மூட்டையாகக் கரியைக் கட்டி, ஏற முடியாமல் தள்ளிக்கொண்டே மைல் கணக்கில் நடப்பவர்களை தினமும் சாலையில் பார்க்கலாம். குளிர்காலத்து விடியற்காலையில் தெரு முழுக்க வாசலில் அங்கீட்டி எரியும். இரும்பு வாளிக்கு உள்பக்கம் மண் பூசிச் செய்த அடுப்பு அது. மஞ்சள் புகை அடங்கி, கரி செக்கச் சிவந்த பிறகு வீட்டுக்குள் தூக்கிப் போவார்கள். புகையை வெளியே விட்டுவிட்டோம், இனி ஆபத்தில்லை என்று நம்பிக்கை. புகை தெரியாத நேரத்தில்தான் கார்பன் மோனாக்சைடு. மூடின அறையில் இரவு அங்கீட்டி வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாத செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வரும்.

பாறைநேசன் சார், அந்தக் கரியிலும் ஆர்சனிக் இருக்குமா? எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாவின் அடுப்பு என் கண்ணிலேயே நிற்கிறது. அவர் சமைக்கும்போது கைக்குழந்தை முதுகில் இருக்கும்.

---

பாறைநேசன்

ஐயா, நீங்கள் சொன்ன ஊர்கள் இருக்கும் தாமோதர் பள்ளத்தாக்கின் நிலக்கரி கோண்டுவானா வகை. அதில் சாம்பல் அதிகம், கந்தகம் குறைவு, ஆர்சனிக்கும் பொதுவாகக் குறைவு. குய்சோவில் பார்த்த மாதிரி நோய் அங்கே வந்ததாகப் பதிவில்லை. ஆனால் ஆர்சனிக் குறைவு என்பதால் அந்த அம்மாவின் அடுப்பு நல்ல அடுப்பு ஆகிவிடாது. நுண்துகள், கார்பன் மோனாக்சைடு, புற்றுண்டாக்கும் கரிமச் சேர்மங்கள் எல்லாம் எந்த நிலக்கரியிலும் வரும். முதுகில் இருந்த குழந்தையும் அந்தக் காற்றையே குடித்தது.

இன்னொன்று. நம் வீடுகளில் இஸ்திரிப் பெட்டிக்கும் சாம்பிராணிக்கும் பயன்படுத்துவது மரக்கரி. அதையும் நிலக்கரியையும் போட்டுக் குழப்பி யாரும் பயப்பட வேண்டாம். மரக்கரியில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து உண்டு, குய்சோவின் ஆர்சனிக் கதை அதற்குப் பொருந்தாது.

---

நெல்லை_பாரதி

எல்லாம் சரி, அடிப்படையில் இது படிப்பறிவு இல்லாததால் வந்த வினை. புகையில் உணவை உலர்த்தாதே என்று யாராவது சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்.

---

பாறைநேசன்

பாரதி, இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

அந்த விவசாயி செய்தது எதுவும் முட்டாள்தனம் இல்லை. ஈரமான ஊரில் பயிரைப் பூஞ்சையிலிருந்து காப்பாற்ற நெருப்பின் மேல் உலர்த்துவது அறிவுள்ள காரியம். பூஞ்சை பிடித்த சோளத்திலும் நஞ்சு உண்டு. காசு கொடுத்து வாங்க முடியாத வீட்டில் பக்கத்துக் குழிக் கரியை எரிப்பதும் அறிவுள்ள காரியம். அந்தக் கரியில் 35 கிராம் ஆர்சனிக் இருக்கிறது என்பதைப் பேராசிரியரே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகம் வேண்டும். ஆய்வகம் அவர்கள் கையில் இல்லை, அரசின் கையில் இருந்தது. சோதிக்க வேண்டியவர்கள் சோதித்து, இந்தக் குழியை மூடு என்று சொல்லியிருக்க வேண்டும். நோய் வந்து, ஆட்கள் செத்து, அதற்குப் பிறகுதான் குழிகளை மூடினார்கள்.

சொல்வது மட்டும் போதாது என்பதற்கும் குய்சோவே சாட்சி. அடுப்பை மாற்றாமல், உலர்த்த வேறு இடம் கொடுக்காமல், வேறு கரி கிடைக்க வழி செய்யாமல் "உலர்த்தாதே" என்று சொன்னால், அந்த வீடு குளிர்காலத்தில் எதைச் சாப்பிடும்?

---

கணக்குப்புலி

வத்தல் கணக்கு எனக்குத் திருப்தி. அடுத்த சந்தேகம் அடுப்பு மாற்றுவதைப் பற்றி. புகைபோக்கி வைப்பதால் உண்மையிலேயே பலன் உண்டு என்று எங்காவது அளந்திருக்கிறார்களா? நம் ஊரில் புகையில்லா அடுப்பு என்று கொடுத்துவிட்டுப் போன எத்தனையோ திட்டங்கள் மூலையில் கிடக்கின்றன.

---

தோல்மருத்துவர்_மீ

அளந்திருக்கிறார்கள். பக்கத்து யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்று ஓர் ஊர். அங்கே பெண்கள் கிட்டத்தட்ட யாருமே சிகரெட் தொடாதவர்கள், ஆனால் பெண்களின் நுரையீரல் புற்று சீனாவிலேயே உச்சத்தில் இருந்தது. காரணம் ஆர்சனிக் இல்லை, புகை மிகுந்த ஒரு வகை நிலக்கரியிலிருந்து வந்த கரிமச் சேர்மங்கள். வீட்டுக்குள் தரையில் குழி தோண்டி, அதில் கரியைப் போட்டு, புகைபோக்கியே இல்லாமல் எரித்தார்கள். பிறகு வீடு வீடாகப் புகைபோக்கி வைக்கத் தொடங்கினார்கள்.

21,232 விவசாயிகளைப் பின்தொடர்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். புகைபோக்கிக்கு மாறிய வீடுகளில் நுரையீரல் புற்று ஆண்களிடம் 41 சதவீதமும் பெண்களிடம் 46 சதவீதமும் குறைந்திருந்தது. அதே கரி, அதே சமையல், ஒரு குழாய் மட்டும் கூடுதல். குறைய ஆண்டுக்கணக்கில் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

---

பாறைநேசன்

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குய்சோவுக்குப் புகைபோக்கி மட்டும் போதாது. மிளகாய்ச் சரம் அடுப்புக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டே இருந்தால், கரி போடத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கிளம்பும் புகை போதும். கந்தகப் புகையில் இரும்புக் குழாய் அரித்து ஓட்டை விழும், அதை மாற்ற ஆள் வேண்டும். அதனால்தான் நஞ்சுக் கரிக் குழியை மூடுவது, மூடின அடுப்பும் புகைபோக்கியும் கொடுப்பது, பயிரைப் புகை படாத இடத்தில் உலர்த்த வைப்பது, சமைக்கும் முன் கழுவச் சொல்வது எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தார்கள். என்னைக் கேட்டால் முதலாவதுதான் தலையாயது. கரி வீட்டுக்குள் வந்த பிறகு நடப்பதெல்லாம் பின்னால் ஓடிப் பிடிக்கிற வேலை.

இதற்கு ஒரு எளிய கருவிகூட உருவாக்கினார்கள். கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் பார்க்கும் களப் பரிசோதனைப் பெட்டி ஒன்று உண்டு, தாள் நிறம் மாறுவதைப் பார்த்து அளவு சொல்லலாம். பெல்கின் குழுவினர் அதை நிலக்கரிக்கு ஏற்றபடி மாற்றினார்கள். குழி வாசலிலேயே வைத்து இந்தக் கரி ஆபத்தா இல்லையா என்று பிரித்துவிடலாம். இத்தனை பேர் கை விரல் போவதற்கு முன்னால் இப்படி ஒன்று அந்த மலையில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மின் நிலையம் என்றால் பாதுகாப்பு என்றும் இல்லை. ஸ்லோவாக்கியாவில் நோவாக்கி மின் நிலையம் ஆர்சனிக் மிகுந்த உள்ளூர்ப் பழுப்பு நிலக்கரியைப் பல பத்தாண்டுகள் எரித்தது. சுற்றுவட்டாரத்தில் முதலில் செத்தவை தேனீக்கள். அந்தப் பகுதிப் பிள்ளைகளின் முடியிலும் சிறுநீரிலும் ஆர்சனிக் கூடியிருந்தது, காது கேட்கும் திறன் குறைந்திருந்தது என்று அங்குள்ள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2023 கடைசியில்தான் அங்கே நிலக்கரி எரிப்பதை நிறுத்தினார்கள்.

---

யாழ்_கவின்

வணக்கம். வாசிக்க வாசிக்க மனம் கனக்குது. டொக்டரிட்ட ரெண்டு கேள்வி. நஞ்சு உள்ளுக்குப் போறது நின்டிட்டால் ஆக்கள் சுகப்படுவினமோ? மருந்து இருக்கோ? மற்றது, கடல்மீனிலயும் ஆர்சனிக் இருக்கெண்டு சொல்லுகினம். நாங்கள் கரையோரத்து ஆக்கள், ஒவ்வொரு நாளும் மீன்தான். அதுக்கும் பயப்பட வேணுமோ?

---

தோல்மருத்துவர்_மீ

கவின், மீனுக்குப் பயப்படவே வேண்டாம். கடல் மீனிலும் இறாலிலும் நண்டிலும் இருப்பது பெரும்பாலும் ஆர்சனோபீட்டெய்ன் என்கிற கரிம வடிவம். உடல் அதைத் தொடாமல் அப்படியே வெளியேற்றிவிடும். கரியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் வருவது கனிம வடிவம், நஞ்சு அதுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: மீன் சாப்பிட்ட மறுநாள் சிறுநீரில் மொத்த ஆர்சனிக் பார்த்தால் எகிறிக் காட்டும். பரிசோதனைக்கு முன் மூன்று நான்கு நாள் கடல் உணவை நிறுத்திவிட்டுக் கொடுங்கள், அல்லது கனிம ஆர்சனிக்கைத் தனியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் கடந்த சில நாட்களைத்தான் காட்டும். பழைய கணக்கைப் பார்க்கத் தலைமுடியும் நகமும் உதவும், அவை மாதக் கணக்கில் பேசும்.

சுகப்படுவார்களா என்பதற்கு எனக்கு நல்ல பதில் சொல்ல ஆசை, உள்ளதைத்தான் சொல்ல முடியும். நஞ்சு நின்றால் புதிதாகச் சேர்வது நிற்கும். தொடக்க நிலை நிறமாற்றம் மெல்ல மங்கலாம். தடித்த தோலை யூரியா, சாலிசிலிக் களிம்புகளால் இளக்கலாம், வெடிப்பும் வலியும் குறையும். உடலிலிருந்து ஆர்சனிக்கைப் பிணைத்து வெளியேற்றும் டிஎம்பிஎஸ் போன்ற மருந்துகளைக் குய்சோவிலும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிறுநீரில் ஆர்சனிக் கூடுதலாக வெளியேறும், ஆனால் இறுகிய ஈரல் அதனால் இளகாது, முற்றிய முண்டு மறையாது. புற்று அபாயமோ நஞ்சை நிறுத்தி இருபது, முப்பது ஆண்டுகள் ஆனாலும் தொடரும். ஆகவே அவர்களுக்கு வேண்டியது ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு: ஆண்டுதோறும் தோலை முழுக்கப் பார்ப்பது, ஈரலுக்கு ஸ்கேன், ஆறாத புண் எதுவானாலும் உடனே சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது. நேரத்தில் வெட்டி எடுத்தால் தோல் புற்றில் உயிர் தப்பலாம். மது கூடவே கூடாது, ஈரல் ஏற்கெனவே சுமக்கிறது. சத்தான சாப்பாடும் மருந்துதான், புரதமும் ஃபோலேட் என்ற வைட்டமினும் குறைந்தவர்களுக்கு ஆர்சனிக்கை வெளியேற்றும் திறனும் குறைகிறது.

---

கோமதி_சாத்தூர்

எல்லாத்தையும் படிச்சேன். இனிமே சரக்கு பிடிக்கும்போது ஒரு கேள்வி கூடுதலா கேக்கணும். மழைக்காலத்துல சில பேர் வெயில் இல்லாம சூடேத்துற அறையில வத்தல் காயவைக்கிறாங்க. அதுல எரிக்கிறது என்ன, புகை நேரா வத்தல் மேல படுதா, குழாய் வழியா வெறும் சூடு மட்டும் போகுதான்னு நேர்ல போய்ப் பாக்கலாம்னு இருக்கேன். வேற என்ன பாக்கணும் சார்?

---

பாறைநேசன்

நீங்கள் சொன்ன இரண்டும்தான் முக்கியம் அம்மா. எரிகிற அறையும் காய்கிற அறையும் தனித்தனியாக இருந்து, நடுவில் இரும்புக் குழாய் அல்லது தகடு வழியாகச் சூடு மட்டும் கடந்தால் நல்லது. குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வத்தலை வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்தால் கரி ஒட்டக் கூடாது. எரிபொருள் நிலக்கரி என்றால், எந்தச் சுரங்கத்துக் கரி என்று கேட்டு, ஒரு வத்தல் மாதிரியை உணவுப் பரிசோதனை ஆய்வகத்தில் கன உலோகச் சோதனைக்குக் கொடுங்கள். விறகு, தேங்காய் மட்டை என்றால் ஆர்சனிக் கவலை இல்லை, ஆனாலும் நேர்ப்புகை வேண்டாம். விறகுப் புகையையும் புற்று உண்டாக்கக்கூடியது என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

சோதனை முடிவு வந்ததும் இங்கேயே போடுங்கள். என்ன எரித்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.